முன் ஃபோர்க்குக்குப் புது ஆயில் சீல் தேர்ந்தெடுப்பது எப்படி?

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்களால் ஆன ஃபோர்க்கில் எண்ணெய் கசியத் தொடங்கினால், அந்த எண்ணெயை உள்ளேயே நிறுத்தும் ரப்பர் வளையமான சீலை மாற்ற வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். எந்தச் சீலை வாங்குவது, அதோடு வேறு எதையெல்லாம் வாங்குவது, வண்டியை எப்போது பிரிப்பது என்பதை முழுதாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. வண்டியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கப்பட்ட பொட்டலத்தை நம்பி, அது உள்ளே உட்காராமல், சக்கரம் கழற்றிய வண்டியைப் பல நாள் நிறுத்தி வைத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். வேலையை நீங்களே செய்தாலும் மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், தேர்வு பற்றிய பகுதிகள் இருவருக்கும் ஒன்றுதான்.

1. கசிவது சீல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஃபோர்க்கின் பளபளப்பான உட்குழாயில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. அது இல்லாவிட்டால்தான் சீல் உலர்ந்து தேயும். குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி கைப்பிடியைப் பலமுறை அழுத்தி விடுங்கள். குழாயைச் சுற்றித் தெளிவான எண்ணெய் வளையம் விழுந்தாலோ, எண்ணெய் வழிந்து இறங்கினாலோ சீல் கசிகிறது என்று கொள்ளலாம். அச்சுக்கு அருகில் மட்டும் ஈரமாக இருந்தால் அடி போல்ட்டின் செம்பு வாஷரையும், மேல் மூடியைச் சுற்றி ஈரமாக இருந்தால் அங்குள்ள வட்ட ரப்பரான ஓ வளையத்தையும் சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஆயில் சீல் வாங்கிப் பயனில்லை. வெளிக்குழாய் மேலேயும் உட்குழாய் கீழேயும் இருக்கும் தலைகீழ் ஃபோர்க்கில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே சீல் கீழே இருப்பதால், அது கசிந்தாலும் எண்ணெய் நேராக அச்சுக்கும் பிரேக்குக்கும்தான் இறங்கும்.

சீல் அண்மையில் மாற்றப்பட்டதாக இருந்தால், வாங்கப் போவதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். பல கசிவுகளுக்குக் காரணம் சீலின் உதட்டுக்கடியில், அதாவது குழாயைத் தொடும் அதன் உள்விளிம்புக்கடியில், சிக்கிய மண்துகள்தான். ஆயில் சீலுக்கு வெளிப்பக்கத்தில் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை அதன் இடத்திலிருந்து நெம்பி நகர்த்திவிட்டு, பழைய 35 மி.மீ. புகைப்படச் சுருளின் ஒரு துண்டையோ அதுபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ உதட்டுக்கடியில் செருகிக் குழாயைச் சுற்றி இழுத்தால் அழுக்கு வெளியே வந்துவிடும். உலோகத் தகட்டையோ ஸ்க்ரூடிரைவரையோ செருகிவிடாதீர்கள். உதட்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்தச் சீல் போயிற்று. ரப்பர் கெட்டிப்பட்டோ வெடித்தோ இருந்தால் இந்தச் சுத்தம் சில நாள்களுக்கு மேல் தாங்காது.

எண்ணெய் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டிருந்தால், சீல் வரும்வரை வண்டியை ஓட்டக்கூடாது. எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காமல், புதுப் பேடையும் வாங்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

2. வண்டியின் தாள்களையும் பாகப் பட்டியலையும் எடுத்து வையுங்கள்

தேவையானவை: பதிவுச் சான்று, வண்டியில் பொறித்துள்ள சேசிஸ் எண், பராமரிப்புக் கையேடு, உற்பத்தியாளரின் பாகப் பட்டியல். பதிவான ஆண்டும் மாடல் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் தயாராகி அடுத்த ஆண்டில் விற்பனையான வண்டிகள் எங்கும் உண்டு. ஒரே பெயரில் விற்கப்படும் மாடலுக்கு இடையில் ஃபோர்க் மாறியிருக்கவும் கூடும். அதனால் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடாமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைப் பெறுவதே பாதுகாப்பு. பழைய பாக எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண் தந்திருந்தால், பழைய எண்ணைக் கொடுத்ததும் அந்த மாற்று எண்ணையும் விநியோகஸ்தரின் கணினியே காட்டும்.

பாகப் பட்டியலில் உள்ள பிரித்துக் காட்டும் படத்தை நிதானமாகப் பாருங்கள். எத்தனை வேண்டும் என்ற கட்டம் அதில் முக்கியம். சில பட்டியல்களில் ஆயில் சீல், டஸ்ட் சீல், ஆயில் சீலை நழுவாமல் பிடிக்கும் பூட்டு வளையம் ஆகியவை தனித்தனி எண்களில் இருக்கும். ஹோண்டாவின் பல மாடல்களில் இருப்பது போல, இவை ஒரே தொகுப்பாக ஓர் எண்ணின் கீழும் வரும். தொகுப்பு ஃபோர்க்கின் ஒரு காலுக்கு (சக்கரத்தின் ஒரு பக்கக் குழாய்த் தொகுதிக்கு) உரியதா, இரண்டு கால்களுக்கும் சேர்த்தா என்று பார்க்காமல் வாங்கினால் ஒன்று குறையும், அல்லது இரண்டு வீணாகும்.

பிறர் ஓட்டிய வண்டியை வாங்கியிருந்தால் பட்டியலை முழுதாக நம்ப முடியாது. விபத்துக்குப் பின்போ விருப்பத்துக்காகவோ முன்னவர் வேறு மாடலின் ஃபோர்க்கைப் பொருத்தியிருக்கலாம். உட்குழாயின் சுத்தமான ஓரிடத்தில் வெர்னியர் காலிப்பரை வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் விட்டத்தை அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். 31, 33, 37, 41, 43, 48 மி.மீ. ஆகியவை அடிக்கடி காணப்படும் விட்டங்கள்.

3. சீலின் மேல் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஃபோர்க் சீலின் மேற்பரப்பில் 41 × 54 × 11 என்பது போன்ற மூன்று எண்கள் வார்க்கப்பட்டிருக்கும். முதல் எண் சீலின் உள்ளே நகரும் உட்குழாயின் விட்டம். இரண்டாவது, சீல் அமரும் வெளிக்குழாய்த் துளையின் விட்டம். மூன்றாவது, சீலின் உயரம். மூன்றும் மில்லிமீட்டரில். சிலவற்றில் 43 × 55 × 9.5/10.5 என்று நான்கு எண்கள் இருக்கும், அங்கே 9.5 என்பது வெளிக்கூட்டின் உயரம், 10.5 என்பது மேலே நீண்டிருக்கும் உதட்டையும் சேர்த்த உயரம்.

இந்த மூன்றில் முதல் எண்ணை மட்டும் சொல்லிச் சீல் கேட்பதுதான் பரவலான பொறி. 43 மி.மீ. குழாய்க்கு 43 × 54 × 11 சீலும் உண்டு, 43 × 55 அளவிலான சீலும் உண்டு. ஷோவா, கயாபா, டபிள்யூ.பி., மார்சோக்கி என ஃபோர்க்கைச் செய்த நிறுவனம் மாறும்போது குழாய் விட்டம் ஒன்றாக இருந்தும் வெளி விட்டமும் உயரமும் மாறிவிடுகின்றன. வெளி விட்டம் ஒரு மில்லிமீட்டர் பெரிதானால் சீல் உள்ளே இறங்காது. ஒரு மில்லிமீட்டர் சிறிதானால் இறங்கிவிடும், ஆனால் சீலின் வெளிப்புறம் வழியாகவே எண்ணெய் கசியும். உயரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. உயரம் கூடினால் சீலுக்கு மேலே உள்ள பூட்டு வளையம் தன் பள்ளத்தில் முழுதாக அமராது. குறைந்தால் குழாய் நகரும்போதெல்லாம் சீல் மேலும் கீழும் ஆடித் தன் இருக்கையைத் தேய்க்கும்.

எண் அழிந்துபோய்ப் பழைய சீலை அளந்துதான் ஆக வேண்டும் என்றால், உள்பக்கத்தை அளக்காதீர்கள். குழாயை இறுக்கிப் பிடிப்பதற்காக உதடு குழாயைவிடச் சிறியதாகவே செய்யப்பட்டிருக்கும். அதிலும் பழைய ரப்பர் ஊதியோ சுருங்கியோ இருக்கும். முதல் எண்ணுக்கு எப்போதும் குழாயையே அளக்க வேண்டும். வெளி விட்டத்துக்குச் சீலை அளந்தால் பெயரளவைவிடச் சற்றே கூடுதலாக, 54 என்பதற்கு 54.3 என்பது போல வரும். துளையில் இறுக்கமாக அமர்வதற்காக அப்படிச் செய்கிறார்கள். சீல் அமரும் துளையையே அளக்க முடிந்தால் ஐயம் மிஞ்சாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பேரிங் விற்கும் கடைகளில் கிட்டத்தட்ட இதே அளவுகளில், விலை மலிவான ஆயில் சீல்கள் கிடைக்கும். அவை எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் சுழலும் தண்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. ஃபோர்க்கின் குழாய் சுழல்வதில்லை. அழுத்தத்தோடு முன்னும் பின்னும் நகர்கிறது. ஃபோர்க் சீலின் உதடுகளும் அவற்றை இறுக்கும் சுருள் கம்பியும் அந்த இயக்கத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. மூன்று எண்களும் பொருந்தினாலும் சுழல் தண்டுச் சீலை ஃபோர்க்கில் போடக்கூடாது. எண்களுக்கு அருகில் உள்ள எழுத்துகள் சீலின் வகையைக் குறிக்கின்றன; பழையதில் உள்ள எழுத்துகளைக் குறித்துக்கொண்டு அதே வகையைக் கேளுங்கள்.

4. பணம் கொடுப்பதற்கு முன் குழாயைத் தடவிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. துருப்பிடித்துப் புள்ளி விழுந்த குழாய், உலகிலேயே சிறந்த சீலையும் சில வாரங்களில் அறுத்துவிடும். குழாயைத் துடைத்துவிட்டு, நகத்தின் நுனியை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். பிறகு சுற்றுவட்டமாக ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே குறி வையுங்கள். கண்ணுக்கு வெறும் கறும்புள்ளியாகத் தெரிவது நகத்துக்குக் குழியாகத் தட்டும். கண்ணுக்குப் பயமுறுத்தும் கோடு நகத்துக்குத் தட்டாமலே போகும். கண்ணைவிட நகத்தை நம்புங்கள்.

குழி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைச் சுற்றிக் கட்டி, டஸ்ட் சீலை ஒட்டி நிறுத்திவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பட்டை எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவே சீல் அன்றாடம் கடக்கும் பகுதி. கடும் பிரேக்குக்கும் பள்ளத்துக்கும் இதைவிடக் கூடுதலாகவே இறங்கும் என்பதால் அதற்கு அப்பாலும் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. அந்தப் பகுதிக்கு வெகு மேலே, குழாயை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குள் மறைந்திருக்கும் துருவால் சீலுக்குத் தீங்கில்லை.

கல் தெறித்து விழுந்த ஒற்றைத் தெறிப்பு என்றால், அதன் விளிம்பில் தூக்கி நிற்கும் கூர்மையை 1500 அல்லது 2000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, குழாயைச் சுற்றிய திசையில் மென்மையாகத் தேய்த்து எடுத்துவிடலாம். நீளவாட்டில் தேய்த்தால் எண்ணெய் வெளியேற நீங்களே பாதை போட்டுக் கொடுத்ததாகும். குரோம் உரிந்தோ, பல இடங்களில் குழி விழுந்தோ இருந்தால், குழாயை மாற்றுவது அல்லது மறுகுரோம் பூசி அரைத்து எடுப்பது என இரண்டு வழிகளே உண்டு. வண்டி மோதியிருந்தால் குழாய் வளைந்திருக்கவும் கூடும். குழாயைக் கழற்றி வீ வடிவத் தாங்கிகளில் வைத்து உருட்டி டயல் அளவியால் பார்க்க வேண்டும். பல கையேடுகள் 0.2 மி.மீ. என்ற வரம்பைத் தருகின்றன. உங்கள் வண்டிக்கான எண்ணைக் கையேட்டிலேயே பாருங்கள்.

5. எந்தத் தயாரிப்பை வாங்குவது?

வண்டி உற்பத்தியாளரின் பெயர் பொறித்த பொட்டலத்துக்குள் இருக்கும் சீலைச் செய்வது பெரும்பாலும் வேறொரு சீல் நிறுவனம்தான். ஜப்பானிய வண்டிகளில் என்.ஓ.கே. தயாரிப்பை அடிக்கடி காணலாம். வெளிச்சந்தையில் ஸ்வீடனின் எஸ்.கே.எஃப்., இத்தாலியின் அரியெட்டே, அதீனா, அமெரிக்காவின் ஆல் பால்ஸ் முதலியவை தெரிந்த பெயர்கள். பெரும்பாலான சீல்கள் நைட்ரைல் ரப்பரால் ஆனவை; அன்றாடப் பயன்பாட்டுக்கு அதுவே போதும். எஸ்.கே.எஃப். சீல்கள் பச்சை நிறத்தில் வருவதால் பச்சை என்றாலே உராய்வு குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். நிறத்தை யாரும் எப்படியும் கொடுக்கலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு உற்பத்தியாளரின் சீலே கவலையற்ற தேர்வு; அது கிடைக்காதபோதோ விலை மிகுதியாக இருக்கும்போதோ பெயர் தெரிந்த சீல் நிறுவனத்தின் பொருளை வாங்கலாம். சேற்றில் ஓட்டுபவர்கள் அடிக்கடி மாற்ற நேரும் என்பதால் அவர்கள் கணக்கு வேறு. பெயரே தெரியாத மிக மலிவான தொகுப்பை நான் வாங்க மாட்டேன். மலிவான சீலானாலும் விலை உயர்ந்த சீலானாலும் பிரித்து மாட்டும் உழைப்பு ஒன்றுதான்.

6. சீலோடு சேர்த்து வாங்க வேண்டியவை

ஒரு கால்தான் கசிகிறது என்றாலும் இரண்டு கால்களுக்கும் வாங்குங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே தூரம் ஓடியவை. மேலும் இரு கால்களிலும் எண்ணெய் ஒரே நிலையில் இருக்க வேண்டும். டஸ்ட் சீலைப் பழையதே போதும் என்று விட்டுவிடுவது தவறான சிக்கனம், ஏனென்றால் மண்ணையும் நீரையும் தடுத்து ஆயில் சீலைக் காப்பது அதுதான். பூட்டு வளையம் துருப்பிடித்திருந்தால் புதியது வாங்குங்கள். அடி போல்ட்டின் செம்பு வாஷரும் மேல் மூடியின் ஓ வளையமும் விலை சொற்பம். அவை இல்லாமல் வேலை நின்றுபோகும்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

புஷ்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழாய்கள் இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் நகர உதவும் இந்த வளையங்களின் மேல் டெஃப்லான் பூச்சு இருக்கும். பூச்சு தேய்ந்தால் குழாய் உள்ளுக்குள் ஆடும். ஆடும் குழாய் சீலின் உதட்டை ஒரு பக்கமாக அழுத்தித் திறக்கும். புதுச் சீல் போட்டும் விரைவிலேயே கசிகிறது என்றால், குழாய்க்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது புஷ்ஷைத்தான். பூச்சுக்கு அடியில் உள்ள செம்பு நிறம் பரப்பின் முக்கால் பங்குக்கு மேல் தெரிந்தால் மாற்ற வேண்டும் என்று ஹோண்டாவின் கையேடுகள் சொல்கின்றன. வண்டி நிறைய ஓடியிருந்தால் பிரித்துப் பார்க்கும்வரை காத்திராமல் புஷ்களையும் சேர்த்தே ஆர்டர் செய்துவிடுவேன்.

ஃபோர்க் ஆயிலில் கவனிக்க வேண்டியது, 5 டபிள்யூ, 10 டபிள்யூ என்ற குறியீடுகள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே பாகுத்தன்மையைக் குறிப்பதில்லை என்பது. ஒன்றின் 10 டபிள்யூ மற்றொன்றின் 5 டபிள்யூவுக்கு நெருக்கமாக இருக்கலாம். எண்ணெயின் தரவுத்தாளில் 40 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று கொடுத்திருப்பார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஒரு காலுக்கு எத்தனை மில்லிலிட்டர், எண்ணெய் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற இரண்டையும் கையேட்டிலிருந்து எழுதி வைத்துக்கொண்டு, இரு கால்களுக்கும் போதுமான அளவை ஒரே தயாரிப்பில் வாங்குங்கள்.

7. செலவைக் கணக்கிடுவது

இந்த வேலையில் சீலின் விலை சிறிய பங்குதான். உழைப்புக் கூலி, எண்ணெய், புஷ் ஆகியவை சேர்ந்து அதைத் தாண்டிவிடும். குழாய் போயிருந்தால் அது எல்லாவற்றையும் விழுங்கும். அதனால்தான் குழாயைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள் என்றேன். மெக்கானிக்கிடம் விலை கேட்கும்போது எண்ணெயும் டஸ்ட் சீலும் உள்ளடங்குமா, புஷ் தேய்ந்திருந்தால் தனிக் கூலியா, நீங்கள் வாங்கி வரும் பாகத்தைப் பொருத்தி அதற்குப் பொறுப்பேற்பாரா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவர்கள் ஃபோர்க் கால்களை மட்டும் கழற்றி எடுத்துச் சென்று கொடுத்தால் கூலி குறையும். கழற்றுவதற்கு முன், மேல் கிளாம்ப்பைத் தளர்த்திவிட்டு, வண்டியில் இருக்கும்போதே மேல் மூடியை அரைச்சுற்று இளக்கி வையுங்கள். தனியே எடுத்த காலைப் பிடித்துக்கொண்டு அதைத் திறப்பது பெரும்பாடு. தலைகீழ் ஃபோர்க்குக்குச் சுருள்வில்லை அழுத்தும் கருவியும், சீலை அடித்து இறக்க இரண்டாகப் பிளந்து சேரும் கருவியும் வேண்டியிருக்கும். ஒரே முறை செய்யப் போகும் வேலைக்கு இவற்றை விலைகொடுத்து வாங்குவதைவிட, அந்தப் பகுதியை மட்டும் பட்டறையில் செய்துகொள்வது மலிவு.

8. எப்போது ஆர்டர் செய்வது, எப்போது பிரிப்பது?

பாகங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே ஒரு திருகையாவது கழற்றுங்கள். பழைய மாடல்களுக்குச் சீல் கிடைத்துவிடும். புஷ்ஷோ டஸ்ட் சீலோ வர நாளாகும். அளவில் உறுதி இல்லாமல் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு காலை மட்டும் பிரித்து எண்ணைப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள். முதல் முறை செய்பவர்கள் இரண்டு கால்களுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குவது நல்லது.

பொட்டலம் வந்ததும் பையை வெட்டுவதற்கு முன், பைக்கு வெளியிலிருந்தே மூன்று எண்களையும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். பை திறந்துவிட்டால் பல கடைகள் திரும்பப் பெறுவதில்லை. சரியாக இருந்தால் பிறகு திறந்து, உதடு பிசிறின்றிச் சீராக இருக்கிறதா, உள்ளிருக்கும் சுருள் கம்பி தன் பள்ளத்தில் முழுவட்டமாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகவோ கோணலாகவோ வார்க்கப்பட்டிருந்தால் போலியா என்று சந்தேகிக்கலாம். உடனே பொருத்தப் போவதில்லை என்றால் வெயிலும் வெப்பமும் படாத இடத்தில், மேலே எதையும் அடுக்காமல் வையுங்கள்.

9. பொருத்தும்போது சீலைக் கெடுக்காமல் இருக்க

குழாயின் முனையும் புஷ் அமரும் பள்ளமும் கூர்மையானவை. அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, ஃபோர்க் ஆயிலை நன்றாகத் தடவிய பிறகு சீலை நழுவ விடுங்கள். எண்கள் உள்ள பக்கம் டஸ்ட் சீலை நோக்கியும், சுருள் கம்பி வெளியே தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கியும் இருக்க வேண்டும். டஸ்ட் சீலையும் பூட்டு வளையத்தையும் முன்னரே சரியான வரிசையில் குழாயில் கோத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். சீலை ஒரு பக்கமாகத் தட்டாமல் சுற்றிலும் சமமாக இறக்கினால், அது அடியில் போய் அமரும்போது சத்தம் மாறும். பூட்டு வளையத்தின் பள்ளம் முழுவட்டமும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வளையத்தைப் போடுங்கள்.

முதல் சில ஓட்டங்களில் தடவிய எண்ணெய் கொஞ்சம் வெளியே வரலாம், துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த பிறகும் எண்ணெய் வளையம் விழுந்துகொண்டே இருந்தால் குழாயையும் புஷ்ஷையும் மறுபடி பார்க்க வேண்டும். வேகம் கூட்டுவதற்கு முன் முன் பிரேக்கை நின்ற இடத்திலேயே பலமுறை அழுத்தி, பேடுகள் டிஸ்க்கை நெருங்கிப் பிடி உறுதியானதும் புறப்படுங்கள். சீலின் மூன்று எண்கள், பாக எண், ஊற்றிய எண்ணெயின் பெயர், அளவு, மாற்றிய தேதி, ஓடோமீட்டர் அளவு ஆகியவற்றைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ரசீதையும் அங்கேயே ஒட்டி வையுங்கள்.